கறி: பெருமையும் மறதியும்

சென்ற பருவத்தில் ஒரு முற்பகல் வகுப்பு. அகநானூற்றின் 149-ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தோம். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. யவனரின் மரக்கலங்கள் பொன்னைச் சுமந்து முசிறிக்கு வந்து, அதற்கு ஈடாகக் கறியை ஏற்றிக்கொண்டு திரும்பும் காட்சி அதில் வருகிறது. பொருள் சொல்லுமாறு கேட்டபோது முன்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "யவனர்கள் தங்கத்தைக் கொடுத்து இறைச்சி வாங்கிச் சென்றார்கள் ஐயா" என்றார். "அவ்வளவு தூரம் கப்பலில் கொண்டுபோனால் கெட்டுப்போகாதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார். "உப்புக்கண்டம் போட்டிருப்பாங்க" என்று முதலாமவரே விடையும் இறுத்தார்.

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. நம்மை உறுத்தியது அதுதான். அங்கே கறி என்பது மிளகு என்று நாம் சொன்னபோது, ஏதோ உரையாசிரியர்களின் தந்திரம் போலும் என்ற பார்வையே நமக்குக் கிடைத்தது.

அதே வாரம், அதே மாணவரிடமிருந்து நம் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. உலகம் முழுதும் உச்சரிக்கும் ‘கறி’ தமிழ்ச்சொல்லாம். ஆங்கிலேயனுக்குச் சமையலையே கற்றுக்கொடுத்தவன் தமிழனாம். உண்மைத் தமிழன் என்றால் பத்துப் பேருக்குப் பகிர வேண்டுமாம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. ஒரு சொல் கடல் கடந்ததற்கு மார்தட்டுகிறோம். அச்சொல்லின் பொருளை வீட்டிலேயே தொலைத்துவிட்டோம். மாணவரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. அவருக்குப் பாடம் சொன்னவர்கள் நாம்.

முதலில், பெருமைக்காரர்கள் சொல்வதில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவோம். ஆங்கிலத்தில் உள்ள ‘கறி’ தென்னாட்டுச் சொல்தான். யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதைத் தமிழ்க் ‘கறி’யிலிருந்தே பிறப்பிக்கிறது, போர்த்துக்கீசியர் வழங்கிய ‘கரில்’ என்னும் வடிவம் கன்னடத்தின் வழியே சென்றது என்கிறது. மலையாளத்திலும் அதே கறிதான். கன்னடமும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள் ஆகையால், இது தமிழுக்கு மட்டுமே உரிய தனிச்சொத்து என்பதைவிடத் திராவிட மொழிக் குடும்பத்தின் பொதுச்சொத்து என்பதே முறை. பகிர்வோர்க்கு இந்த அளவு அடக்கம் கூடக் கசக்கிறது.

இதனை மறுத்து மூன்று கூற்றுகள் உலவுகின்றன. மூன்றும் நிற்பவையல்ல.

ஒன்று, இச்சொல் ஆங்கிலத்திலேயே பழையது என்பது. அரசன் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையற்காரர்கள் 1390-ஐ ஒட்டித் தொகுத்த நூலுக்கு ‘ஃபோர்ம் ஆஃப் க்யூரி’ என்று பெயர். அந்தக் ‘க்யூரி’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. சமையற்கலை என்று பொருள்படும். ஒரு குறிப்பிட்ட உணவுக்கு அது பெயராக இருந்ததில்லை. ஓசை ஒப்புமையைச் சொல்லுறவாகக் கருதும் பிழை நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டு, வடநாட்டில் தயிரும் கடலைமாவும் சேர்த்துக் காய்ச்சும் ‘கடீ’யிலிருந்து வந்தது என்பது. ஐரோப்பியர் இச்சொல்லைக் கேட்டது கொங்கணம் முதல் ஈழம் வரையிலான தென்கடற்கரையில். கேட்ட இடத்தில் கடீக்கு இடமில்லை.

மூன்று, நம்மவர் சொல்வது. கருகச் சமைப்பதால் கறி என்பார்கள். இடையின ரகரம் பெற்ற ‘கரி’ வேறு, வல்லின றகரம் பெற்ற ‘கறி’ வேறு. அடுப்பில் எஞ்சுவது கரி. இலையில் விழுவது கறி. முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய இந்த வேறுபாட்டைச் சொல்லாராய்ச்சி செய்ய வருவோர் மறப்பது விந்தை.

ஆக, சொல் நம்முடையது. சரி. ஆனால் அங்கே போனது எது?

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் தங்கிச் சென்ற டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் எழுதிய நூல் 1598-இல் ஆங்கிலமாயிற்று. மீனைச் சாற்றில் வேகவைத்துச் சோற்றின்மேல் ஊற்றி உண்கிறார்கள், சற்றுப் புளிப்பாக இருக்கிறது, அதற்குக் ‘கரியெல்’ என்று பெயர் என்று அவர் எழுதினார். ஈழத்தில் பல்லாண்டு சிறையிருந்து மீண்ட ராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில், பழுக்காத காய்களைப் பறித்து வேகவைத்துச் சோற்றுக்குத் துணையாகவும் சுவையூட்டவும் வைத்துக்கொள்வதே கறி என்கிறார். இவ்விருவரும் சரியாகவே கேட்டிருக்கிறார்கள். இருவரும் சொல்வதில் சோறு நடுவில் இருக்கிறது. கறி அதற்குத் துணை நிற்கிறது. நாக்ஸின் கறியில் இறைச்சியே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

1747-இல் ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையாரின் சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்கு ஒரு செய்முறை வந்தது. கோழியோ முயலோ எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது மிளகு, வறுத்த கொத்தமல்லி விதை, அவற்றோடு ஒரு பெரிய கரண்டி அரிசி. அரிசி கறிக்குள் ஒரு கரண்டி மசாலாவாகப் போய்விட்டதைப் பாருங்கள். மிளகாய் அதில் இல்லை என்பது இன்னொரு செய்தி. 1784-இல் லண்டன் பிக்காடிலியில் ஒரு வாசனைப்பொருள் கடை கறிப்பொடிக்கு விளம்பரம் செய்தது. அத்தோடு அது பொடியாகிவிட்டது. எந்தப் பொருளின் மேலும் தூவலாம், எந்தச் சாற்றிலும் கலக்கலாம். அந்தப் பொடிதான் பிரித்தானியர் வழியாக மெய்ஜி காலத்து ஜப்பானுக்குச் சென்றது; 1949-இல் பெர்லினில் தொத்திறைச்சியின் மேல் விழுந்தது. நம் மிளகுத்தண்ணீர் ‘முல்லிகட்டாணி’ என்ற பெயரில் இறைச்சி மிதக்கும் சூப்பானதும் இதே கதையின் கிளைதான்.

இந்த ஆங்கிலக் ‘கறி’யின் மேல் மதுர் ஜாஃப்ரி 1973-இல் வெளிவந்த தம் முதல் சமையல் நூலிலேயே சினந்தார். ஒரு பெருநாட்டின் எண்ணற்ற உணவு வகைகளை ஒரே சொல்லில் அடைப்பது இழிவு என்பது அவர் வழக்கு. அவர் வழக்கு நியாயமானது. ஆனால் அவர் பிறந்த தில்லியில் இச்சொல் வெளியிலிருந்து வந்தது. நமக்கோ அது அடுக்களைச் சொல். அவரைப் பின்பற்றிக் ‘கறி என்று ஒன்று கிடையாது, அது வெள்ளைக்காரன் கட்டியது’ என்று இங்கே சிலர் ஆங்கிலத்தில் எழுதுவதைப் படிக்கும்போது, இவர்கள் ஒருநாளும் பாட்டியோடு அடுக்களையில் நின்றதில்லையோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். கறி என்பது யாது?

வினையிலிருந்து தொடங்குவதே முறை. கறித்தல் என்றால் கடித்து மெல்லுதல். ஆடு தழையைக் கறிக்கும் என்று இன்றும் சொல்கிறோம். நாக்கைக் கடிக்கும் மிளகும் கறி. கடித்து உண்ணும் துணையுணவும் கறி. இரண்டையும் பிணைப்பது அந்த வினைதான் என்று நாம் கொள்கிறோம்.

சங்க நூல்களில் மிளகுப்பொருள் ஓங்கி நிற்கிறது. குறுந்தொகையின் மலைச்சாரல்களில் வளர்வது கறி. புறநானூற்றின் 343-ஆம் பாட்டில் பரணர் காட்டும் முசிறியில் வீடுதோறும் குவிந்து கிடப்பவை கறி மூடைகள். பட்டினப்பாலையின் துறைமுகத்துக்கு வண்டிகளில் வந்து இறங்குவதும் கரிய கறிதான். மலைபடுகடாம் ஒரே அடியில் கொடியை மிளகென்றும் அதன் பசிய காயைக் கறியென்றும் சொல்கிறது. இருபெயரும் அன்றே அருகருகே வாழ்ந்தன. பெரும்பாணாற்றுப்படை அந்தணர் மனையில் பரிமாறும் விருந்தில் மாதுளங்காய் வகிரோடு கறியும் கறிவேப்பிலையும் சேர்கின்றன. எடை போட்டுப் பொன் கொடுத்து வாங்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று உரோமாபுரியின் பிளினி வியந்ததும் இந்தக் கறியைப் பார்த்துத்தான். இந்தியா ஆண்டுதோறும் உரோமிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சிக்கொள்வதாக அவர் கணக்கிட்டார்.

ஆனால் அக்காலத்திலேயே துணையுணவுப் பொருளும் இருந்தது. புறநானூற்றின் 14-ஆம் பாட்டில் கபிலர் தம் கைகள் மென்மையாக இருப்பதற்குக் காரணம் சொல்கிறார்: உண்பதைத் தவிர அவை வேறு தொழில் அறியா. அங்கே ஊன், துவை, கறி, சோறு என நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊன் தனி, கறி தனி. கறி என்றால் இறைச்சிதான் என்போர் இந்த ஓரிடத்தில் சற்றே நிற்க வேண்டும்.

அடுத்த சான்று நம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண மகாராசனின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, இறைவனின் நாட்படி அமுதுக்காக இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு ஒப்படைக்கப்பட்டதைச் சொல்கிறது. முதலுக்குக் கேடு வராமல், அதன் வட்டியாக ஆண்டுக்கு 580 கலம் நெல் வர வேண்டும். அதைக்கொண்டு அமுது படைக்க வேண்டும். இத்தகைய கோயிற் கல்வெட்டுகள் அரிசி, நெய், தயிர், வாழைப்பழம் என்று வரிசைப்படுத்தும்போது தவறாமல் இடம்பெறுவது கறியமுது. காய்க்கறி, புளிங்கறி, பொரிக்கறி, புழுக்குக்கறி என்று அதில் வகைகள் வேறு. கோயில் மடைப்பள்ளியின் கறி இது. இதில் இறைச்சியைத் தேடுவார் உளரோ?

அந்தக் கறியமுது கல்லில் மட்டும் இருக்கவில்லை. ஆழ்வார்திருநகரியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வைணவ வீடுகளில் வாழைக்காயை வதக்கி இறக்கினால் அது இன்றும் கறியமுதுதான். அதில் ஒரு சொட்டுச் சாறு கிடையாது. ஆங்கிலேயனின் கறிக்குச் சாறே உயிர். நம் அந்தணர் வீட்டுக் கறிக்கு ஈரமே பகை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்தால் நம் மீன்குழம்பு மீன்கறியாகிறது. இலையோரத்தில் வைப்பவை தொடுகறிகள் ஆகின்றன. கடல் கடந்து யாழ்ப்பாணம் போனால் காய்கறிக்கு மரக்கறி என்று பெயர். சோறும் கறியும் என்றால் முழுச் சாப்பாடு. ஒரு கணவாய்க்கும் ஒரு கடலுக்கும் இப்படி மாறுகிற சொல்லுக்குப் பொதுவாக எஞ்சுவது ஒன்றுதான்: சோற்றோடு சேர்வது கறி. அது ஓர் உணவின் பெயரன்று. ஓர் உறவின் பெயர். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. மூவாயிரம் ஆண்டு நெல் விளைந்த ஆற்றுப்பள்ளத்தில் சோற்றுக்குத் துணையாவதற்கென்றே ஒரு சொல் இருந்ததில் வியப்பென்ன?

இப்போது இதே பள்ளத்தில் நடப்பதைப் பார்ப்போம். கறிக்கடை என்றால் ஆட்டிறைச்சிக் கடை. ‘கறி எடுத்தாச்சா?’ என்றால் ஞாயிற்றுக்கிழமை என்று பொருள். காய்கறி என்ற கூட்டுச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பதால் மட்டுமே பழம்பொருள் பிழைத்திருக்கிறது. மிளகுப்பொருளோ அடியோடு போயிற்று. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த அமெரிக்கக் காய்க்கு மிளகின் பெயரால் மிளகாய் என்று பெயரிட்டோம். கறியின் பெயரால் இடவில்லை. கறிவேப்பிலையைக் கருவேப்பிலை ஆக்கினோம். நாவில் அப்படி வழங்குவதில் தவறில்லை. ‘கருமையான வேப்பிலை என்பதால் அப்பெயர்’ என்று வகுப்பில் விளக்கம் சொல்வதுதான் தவறு.

மொழி மாறும், அதற்கு இத்தனை புலம்பலா என்று கேட்கலாம். மாறட்டும். இறைச்சியைக் குறிக்கும் ஆங்கில ‘மீட்’ என்ற சொல்லும் ஒருகாலத்தில் உணவு முழுவதையும் குறித்ததுதான். அங்கும் பொருள் சுருங்கிற்று, ஒருவரும் அழவில்லை. ஆனால் அவர்களின் மாணவர் பழைய நூலில் அச்சொல்லைக் கண்டால் இங்கே உணவு என்று பொருள் என்று சொல்லித்தரும் ஆசிரியரும் அகராதியும் உடன் நிற்கின்றன. நாம் மாற்றத்தை எதிர்க்கவில்லை. மாறியது என்பதே தெரியாமல், மாறாத பெருமை பேசுவதை எதிர்க்கிறோம்.

அண்மையில் நெல்லையின் புறநகரில் ஒரு புதிய உணவகத்துக்குச் சென்றோம். உணவுப்பட்டியலில் ‘திருநெல்வேலி வெஜிடபிள் கறி’ என்று ஒன்று இருந்தது. வரவழைத்துப் பார்த்தால், சொதி! தேங்காயை மூன்று முறை பால் பிழிந்து, கடைசிப் பாலில் காயையும் பாசிப்பருப்பையும் வேகவைத்து, முதற்பாலை இறுதியில் சேர்த்து, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, இஞ்சிப் பச்சடியோடு மறுவீட்டு விருந்தில் பரிமாறும் அதே சொதி. யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் பொதுவான சொல் அது. அதை ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பரிமாறிய தம்பி, "சொதின்னா வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது சார், கறின்னா எல்லாருக்கும் புரியும்" என்றார். நாம் ஏற்றுமதி செய்த சொல் பொடியாகித் திரும்பிவந்து, வீட்டில் இருந்த சொல்லை வெளியே தள்ளுகிறது. பகிர்வோர் கொண்டாடும் வெற்றியின் கணக்கில் இந்த இழப்பையும் எழுத வேண்டாமா?

இவ்வூருக்குச் சொல்லாராய்ச்சி புதிதன்று. இடையன்குடியில் அமர்ந்து 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், கிரேக்கத்திலும் எபிரேயத்திலும் நம் அரிசியையும் தோகையையும் தேடினார். சங்கரநயினார்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணர் வாழ்நாள் முழுவதையும் வேர்ச்சொல்லுக்கே கொடுத்தார். நெல்லைச் சீமையில் பிறந்த வையாபுரிப்பிள்ளை 1926 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து, சான்றில்லாமல் ஒரு பொருளையும் ஏற்பதில்லை என்ற கண்டிப்பை நிறுவினார். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு மலையளவு. பாவாணரின் துணிவு வேறு, பிள்ளையவர்களின் ஐயம் வேறு. ஆயினும் மூவரும் சொற்களின் பின்னால் நடந்தவர்கள். அந்தப் பேரகராதியைத் திறந்தால் கறியின் கீழ் காய்கறியும் இறைச்சியும் மிளகும் வரிசையாக நிற்கக் காணலாம். திறப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். பகிர்வதற்கு ஒரு நொடி போதும். நாம் நொடியைத் தேர்ந்துகொண்டோம்.

குற்றத்தில் பெரும்பங்கு நம் போன்ற ஆசிரியர்களுடையது. சங்கப் பாட்டை உரைநூலின் பக்கத்தில் வைத்துத் தேர்வுக்கு உரியதாக்கினோம். மாணவரின் வீட்டு அடுக்களையில் அதே சொல் வேறு பொருளில் உயிரோடு இருப்பதைச் சுட்டிக்காட்டவில்லை. ‘கறி = மிளகு’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் அது மனப்பாடம். அந்த மிளகுக்கும், கல்வெட்டின் கறியமுதுக்கும், இன்றைய கறிக்கடைக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது என்று காட்டினால்தான் அது கல்வி.

அடுத்த வாரம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் மூத்த பெண்களிடம் கேட்டு, கறி என்று முடியும் சொற்களை எழுதி வர வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் முப்பதுக்கு மேல் தாள்கள் வந்தன. புளிக்கறி, பொரிக்கறி, கூட்டுக்கறி, தொடுகறி, வாழைக்காய்க் கறி. ஸ்ரீவைகுண்டத்துப் பெண் ஒருத்தி கறியமுது என்று எழுதி, அடைப்புக்குள் ‘எதிர்வீட்டுப் பாட்டி சொன்னது’ என்று குறித்திருந்தாள். கல்வெட்டுச் சொல் எதிர்வீட்டில் இருந்திருக்கிறது.

யவனருக்கு இறைச்சி விற்ற மாணவர் தாளைக் கடைசியில் கொண்டுவந்து நீட்டினார். அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: கீரைக்கறி. "எங்க ஆச்சி கீரையக்கூட கறின்னுதான் சொல்லுதா ஐயா. இவ்வளவு நாளும் அவளுக்குச் சரியாச் சொல்லத் தெரியலன்னு நெனச்சிருந்தேன்" என்றார்.